வெள்ளவத்தைப் பிரதியில் தம்பி சாகவில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே சின்னத் தெருவில் குடியிருந்த நம் ஒழுங்கைக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் நான் எழுதிவந்த கருத்துகளில் ஒன்றை இன்று மீளப் பெறுகிறேன்.

கருத்து இதுதான்: எண்பதுகளில் ஓடிய பிரபலமான தமிழ்ப் படங்களை எடுத்தவர்களுக்குக் கதையை முடிக்கத் தெரியாது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கதையில் முக்கியமான ஓர் இளைஞனைத் திடீரென்று தொலைத்துவிடுவார்கள். பிறகு அவனைத் தேடவும் மாட்டார்கள். இதைக் குறைந்தது ஆறு தடவை எழுதியிருக்கிறேன். ரொறன்ரோவில் இருப்பவர்கள் சிரிக்கும் முகங்களைப் போட்டீர்கள். தெஹிவளைக்காரர் மட்டும், "நீங்கள் என்ன படம் பாத்தனீங்கள்?" என்று கேட்டார். வம்புக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் நம் ஒழுங்கைக்குப் பிந்திக் குடிவந்தவர். மற்ற எல்லாரும் எங்கள் வீட்டு ஹோலில், எங்கள் வீடியோ டெக்கில், அதே கசெட்டுகளைப் பார்த்தவர்கள். ஆகவே உங்கள் கருத்துகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சென்ற மாதம் குழுவில் தெரிவான படம் அண்ணன் தம்பிக் கதை. அண்ணன் பொலிஸ், தம்பி கெட்ட கூட்டத்தில் சேர்ந்து, பிறகு திருந்துகிறான். அந்த நாளிலேயே அதற்குப் பத்துக்கு நான்கு புள்ளி போட்டவள் நான். ஞாயிறு பிற்பகல், அம்மா படுத்திருக்கும் நேரம் பார்த்து, டெப்லெட்டில் போட்டேன். தம்பி திருந்தி வீட்டுக்கு வருகிறான். வாசற்படியில் அவனைச் சுடுகிறார்கள். அண்ணனின் மடியில் கிடந்து ஏதோ சொல்ல வருகிறான், சொல்லாமல் சாகிறான். தாய் ஓடி வருகிறாள். மழை, பாட்டு, சுடலை. மொத்தம் பதினொரு நிமிடம்.

எனக்கு அழுகை வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. இந்தப் படத்தை நான் இரண்டு தடவை முழுதாகப் பார்த்தவள். இப்படி ஒரு காட்சியை என் வாழ்நாளில் கண்டதில்லை. இணையத்தில் ஏற்றியவர் வேறொரு படத்திலிருந்து ஒட்டிவிட்டாரோ என்று நினைத்து, இன்னும் இரண்டு பிரதிகளைத் தேடிப் பார்த்தேன். இரண்டிலும் தம்பி செத்தான்.

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கொப்பியை எடுத்தேன்.

அது ஒரு சி.ஆர். கொப்பி, கெட்டி மட்டை போட்ட பெரிய நோட்டு. நீல மட்டை, மூலைகளில் கடற்காற்றின் ஈரம் ஏறிப் பழுப்பாகியிருக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. அடிமட்டத்தால் கோடு கீறி ஏழு கட்டங்கள் பிரித்திருந்தேன்: தேதி, படம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கரண்ட் போன நேரம், இடையூறு, புள்ளி. கரண்ட் போன நிமிடங்களைக் கழித்துப் படத்தின் உண்மையான நீளத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். இடையூறு என்ற கட்டத்தில் யார் நடுவில் எழும்பினார்கள், யாருடைய பிள்ளை அழுதது, யார் குறுக்கே போனார்கள் என்பதெல்லாம் நேரத்தோடு இருக்கும். ரயில் போவதை மட்டும் எழுதவில்லை. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ரயில் போகிற ஒவ்வொரு தடவையும் திரையில் கோடு விழும். அதை எழுதத் தொடங்கினால் கொப்பி போதாது.

டெக் எங்கள் வீட்டுக்கு வந்தது அண்ணா போன மாதத்துக்கு அடுத்த மாதம். அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. அந்த ஆண்டுகளில் கொழும்பில் அந்த வயதுத் தமிழ்ப் பையன்களை வீட்டில் வைத்துக்கொண்டு எந்தத் தாயும் நிம்மதியாக நித்திரை கொள்ளவில்லை. பொலிஸோ ஆமியோ தெருவில் மறித்தால் திரும்பி வருவானோ தெரியாது. அப்பா ஓர் ஏஜென்டைப் பிடித்து அண்ணாவை ஜெர்மனிக்கு அனுப்பினார். மொஸ்கோவிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மா சமைப்பதை விட்டார், தலை வாருவதை விட்டார், கேற்றடியில் நின்று தபால்காரனைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. டோஹாவில் இருந்த மாமா, தன் அக்காவின் கவனம் திரும்பட்டும் என்று டெக்கை அனுப்பினார். முன்பக்கம் திறந்து கசெட்டை விழுங்கும் கறுப்புப் பெட்டி. ரிமோட்டுக்கு வயர் இருந்தது. அந்த வயரில் தடுக்கி விழுந்தவர்களின் பெயர்களும் கொப்பியில் உண்டு; குழுவில் இருவர் இருக்கிறீர்கள்.

கசெட் கொண்டுவந்தவரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரில், டொக்டர்மார் வைத்திருப்பதைப் போன்ற மண்ணிறப் பையோடு வருவார். நாம் அவரைக் கசெட் நானா என்போம். பிறகு வேறு பெயர் வைத்தோம். அதற்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு வரும் கசெட்டுகளின் ஓரத்தில் பச்சை மையால் 'வெ' என்று எழுதியிருக்கும். வெள்ளவத்தை என்பதன் முதல் எழுத்து. எங்களுக்கென்று தனியாக நல்ல பிரதி வருகிறது என்று நான் பெருமைப்பட்டேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு யன்னல் சீலைகளை இழுத்து மூடுவோம். கதிரைகள் அன்ரிமாருக்கு, பாய் நமக்கு. தேத்தண்ணீரும் வாய்ப்பனும் சுற்றிவரும். அப்பா படம் பார்ப்பதில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்தவர். சனிக்கிழமைகளில் வெளி விறாந்தையில் பேப்பரோடு இருப்பார். பக்கத்தில் சுவரில் அவருடைய கறுப்புக் குடை தொங்கும். கம்பனிக் கந்தோரில் மாறிப்போகாமல் இருக்க அதன் பிடியில் அம்மா சிவப்பு நூல் சுற்றிக் கட்டியிருந்தார். இடைக்கிடை அப்பா எழும்பி உள்ளே வருவார். ஹோல் மூலையில் இருந்த மண்பானையில் தண்ணீர் எடுத்து, திரைக்கு நேர் முன்னால், திரைக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி நின்று குடிப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க இரண்டு நிமிடம் எடுப்பார்.

"இஞ்சாருங்கோ, மறைக்காதேங்கோ!" என்பார் அம்மா.

அந்த அண்ணன் தம்பிப் படத்தை நாம் பார்த்த விதத்தை நினைத்துப் பாருங்கள். திருந்திய தம்பி வாசற்படியில் கால் வைக்கிறான். திரையில் ஒரு சின்ன நடுக்கம். அடுத்த காட்சியில் அண்ணன் வில்லனை அடித்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் தாய் வாசலில் நின்று, தெருவைப் பார்த்து, கண்ணீரோடு சிரிக்கிறாள். முற்றும்.

"இவன் தம்பிக்காரன் எங்கை போட்டான்?" என்று கேட்டது பாயில் இருந்த நம்மில் ஒருவர்.

"வெளியில அனுப்பிப்போட்டினம் போல," என்றார் முன்வீட்டு அன்ரி. "பொலிஸ் பிரச்சினை இருக்கெல்லே. ஏஜென்டைப் பிடிச்சிருப்பினம்."

"கனடாவுக்கோ?"

"ஜெர்மனியாத்தான் இருக்கும். கனடாவுக்கு உவ்வளவு கெதியா விசா எடுக்கேலாது."

"அப்ப அந்தத் தாய் ஏன் சிரிக்கிறா?"

அதற்குப் பதில் சொன்னது அம்மா. அன்று முழுவதும் அவர் பேசிய ஒரே வசனம் அது. "தபால்காரன் வாறான்."

எல்லாரும் தலையாட்டினோம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உலகத்தில் வேறு எந்த ஊரில் அந்தப் படத்தைப் போட்டிருந்தாலும், இந்தத் தம்பிக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் கேட்டிருப்பார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய், பிறகு வெளிநாட்டுக் கடிதமாக வருவது நம் ஒழுங்கையில் வழக்கம். ஆகவே படத்திலும் அதுதான் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். எனக்கு மட்டும் அது ஒழுங்கற்ற முடிவாகப் பட்டது. ஏஜென்டை ஒரு காட்சியிலாவது காட்டியிருக்க வேண்டும் என்று நினைத்து நான்கு புள்ளி போட்டேன்.

சந்தேகத்தைக் கிளப்பியவள் என் வகுப்புத் தோழி. கொட்டாஞ்சேனையில் கோயிலடிக் கத்தோலிக்கக் குடும்பம். அவர்களுக்கும் அதே நானாதான் கசெட் கொடுத்தவர். திங்கட்கிழமை இடைவேளையில் அவள், "எங்கட வீட்டில எல்லாரும் அழுதது, டடியும் அழுதவர், தம்பி சாகேக்க," என்றாள்.

"அவன் எங்கை செத்தவன்? அவன் ஜெர்மனிக்குப் போட்டான்."

"உனக்கு விசரோ? அவனை எரிச்சதைக் கண்டனான்."

"நீ வேற படம் பாத்திருக்கிறாய்."

"நீதான் வேற படம் பாத்திருக்கிறாய்!"

சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அடுத்த இரண்டு படங்களுக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், கரண்ட் போகும் நேரம் மூன்றையும் அவளுடைய அப்பாவின் மணிக்கூட்டைப் பார்த்து எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு படம் எங்கள் வீட்டில் ஏழு நிமிடம் குறைவு. மற்றது ஒன்பது நிமிடம் குறைவு. இரண்டு எண்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஒரு கள்ளனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. முன்வீட்டு அன்ரியிடம் கொப்பியைக் காட்டினேன். அன்ரியிடம் காட்டினால் ஒழுங்கை முழுவதற்கும் காட்டியதற்குச் சமம்.

அடுத்த சனிக்கிழமை நானா ஸ்கூட்டரை நிறுத்தியபோது எங்கள் கேற்றடியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். உங்களில் அரைவாசிப் பேர் நின்றீர்கள்.

"என்ன நானா, எங்களுக்கு மட்டும் அரைப் படமோ?" என்றார் அன்ரி. "கொட்டாஞ்சேனையாருக்கு முழுப் படம். வெள்ளவத்தையார் என்ன மாத்துக் குறைஞ்ச ஆக்களோ?"

நானா பையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "ஆரு தங்கச்சி அப்பிடிச் சென்ன?"

"இந்தப் பிள்ளை எழுதி வச்சிருக்கு. நிமிசக் கணக்கு இருக்கு."

யாரோ அப்பாவைக் கூப்பிட்டார்கள். கந்தோரில் கணக்குப் புத்தகம் பார்க்கிற ஆள், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். அப்பா விறாந்தையிலிருந்து இறங்கி வந்து கொப்பியை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அம்மா வாசலில் வந்து நின்றார். அப்பா ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார்.

"நீங்கள் வெட்டினதோ?"

நானா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தை நான் குறிக்கவில்லை. அரை நிமிடம் இருக்கும்.

"ஓம் சேர். டேப் மிச்சம் புடிக்க வெட்டின. என்ட பிழதான்."

"இனி இந்த ஒழுங்கைக்கு வராதேங்கோ," என்றார் அப்பா.

நானா பையின் கொளுக்கியைப் போட்டு, ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். நமக்குள் ஒருவர் 'கட்டிங் நானா!' என்று கத்தினார். எல்லாரும் சிரித்தோம். இந்தக் குழுவில் இன்றும் அவரை நாம் அந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறோம்.

அப்பா கொப்பியை என்னிடம் திருப்பித் தந்தார். "வடிவாக் கணக்கு வச்சிருக்கிறாய்," என்றார். நாற்பது வருடமாக அதைப் பாராட்டு என்று நினைத்து வைத்திருந்தேன்.

பிறகு சந்திக் கடையிலிருந்து கசெட் எடுத்தோம். முதற்படத்திலேயே மகன் ஒருவன் லொறியில் அடிபட்டுச் செத்தான். அம்மா நடுவில் எழும்பிக் குசினிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அடுத்த சனிக்கிழமை டெக்குக்கு மேலே பூப்போட்ட துணி விரித்து மூடப்பட்டிருந்தது. சில கிழமைகளுக்குப் பின் அண்ணாவின் கடிதம் ஜெர்மனியிலிருந்து வந்தது. வீடு வழமைக்குத் திரும்பியது. டெக்கை யாரும் மறுபடி திறக்கவில்லை. என் கொப்பி இருபத்து மூன்றாம் படத்தோடு நிற்கிறது.

இந்த மாதம் முழுவதும் அந்த இருபத்து மூன்றில் கிடைத்ததையெல்லாம் திரும்பப் பார்த்தேன். கிடைத்தவை இருபது. மாலையில் வேலையால் வந்து, கதவைச் சாத்தி, இந்த முறை நிறுத்தற் கடிகாரத்தோடு. படங்களைப் பற்றி என் புதிய கருத்தையும் சொல்ல வேண்டும்: நான் நினைத்ததைவிட நன்றாக எடுத்திருக்கிறார்கள். சண்டைகள் நீளம், நகைச்சுவை அதைவிட நீளம். ஆனால் ஆட்களைத் தொலைக்கவில்லை. போனவர்கள் எல்லாருக்கும் கணக்கு இருக்கிறது.

இருபதில் ஒன்பது படங்கள் எங்கள் வீட்டில் குறைந்திருந்தன. அந்த ஒன்பதையும் வரிசையாக எழுதி, வெட்டப்பட்ட காட்சிகளைப் பக்கத்தில் எழுதினேன். எழுதி முடிய, மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தேன். காதலர்கள் எங்கள் வீட்டிலும் செத்திருக்கிறார்கள். தாய்மார், தகப்பன்மார், வில்லன்கள், ஒரு யானை, எல்லாரும் செத்திருக்கிறார்கள். வெட்டப்பட்ட ஒன்பதும் ஒரே வகை. வீட்டை விட்டுப் போன இளைஞன் ஒருவன் சாகிற காட்சி, அவனுடைய தாய்க்கு அது தெரியவருகிற காட்சி. வேறெதுவும் இல்லை. டேப் மிச்சம் பிடிக்கிறவன் சண்டையை வெட்டியிருப்பான். இருபது நிமிடம் லேசாகக் கிடைக்கும். நானா அன்று கேற்றடியில் சொன்னது பொய்.

முதலில் அம்மாவில் சந்தேகப்பட்டேன். தாங்கேலாது என்று அவரே நானாவிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு இப்போது எண்பத்து நான்கு. ஞாபகம் என்னுடையதைவிடத் துல்லியம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"அம்மா, அந்தக் கசெட் நானாவை ஞாபகமோ?"

"கள்ளன்," என்றார் அம்மா. பிறகு ஒரு பிடி கீரையைத் திருப்பிப் பார்த்து, "கள்ளன் எண்டாலும் நல்ல படம் கொண்டுவந்தவன். வயித்தெரிச்சல் இல்லாத படம். அவன் போனாப் பிறகு வந்ததெல்லாம் சாவீட்டுப் படம். ஏன் கேக்கிறாய்?" என்றார்.

"சும்மா."

"நீ ஒண்டும் சும்மா கேக்கிறேல்லை."

வெட்டச் சொன்னது அம்மா இல்லை. அப்படியென்றால் யார்? மறுபடி கொப்பிக்குப் போனேன். ஒன்பது படங்களின் வரிகளையும் வெள்ளைத் தாளால் மறைத்து மறைத்து, கட்டம் கட்டமாக வாசித்தேன். இடையூறு என்ற கட்டத்தில் வந்து நின்றேன். அண்ணன் தம்பிப் படம்: 4.17, அப்பா, தண்ணீர். அடுத்தது: 3.52, அப்பா, தண்ணீர். அடுத்தது: 4.05, அப்பா, தண்ணீர். ஒன்பதிலும் ஒவ்வொன்று. வெட்டு விழுகிற நிமிடத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே. வெட்டு இல்லாத பதினொரு படங்களில் அப்பாவுக்கு ஒரு தடவைகூடத் தாகம் எடுக்கவில்லை.

அப்பா படம் பார்ப்பதில்லை. பிறகு எப்படி அவருக்கு அந்த இடம் தெரிந்தது?

அப்பா காலமாகிப் பன்னிரண்டு வருடம். ஒவ்வொரு திவசத்துக்கும் சமைத்துப் படைத்துவிட்டு அம்மா ஒரே வசனத்தைச் சொல்வார்: "நல்ல மனுசன்தான். ஆனா பெத்த பிள்ளையில பாசமில்லாத மனுசன். அவன் போய் அவ்வளவு மாசம், ஒரு நாள் அவன்ர பேர் எடுக்கேல்லை." நானும் மறுத்ததில்லை. என் நாட்குறிப்புகளிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழைய தெரு, பழைய வளைவு. கசெட் கடை இருந்த இடத்தில் போன் கவர்களும் ரீலோட் அட்டைகளும் தொங்கின. உள்ளே என் வயதை ஒத்த ஒரு பெண் இருந்தார். கடைக்காரரைக் கேட்டேன்.

"வாப்பா மௌத்தாகி ரொம்ப நாள்," என்றார். "நான் மகள். நீங்க ஆரு?"

வெள்ளவத்தை என்றேன். ஒழுங்கையைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொப்பி எழுதின புள்ளையா?"

எனக்குக் காது சுட்டது. ஓம் என்றேன்.

"வாப்பா செல்லிச் செல்லிச் சிரிப்பார். இவ்வளவு பேர் பாத்த படத்துல ஒரு சின்னப் புள்ள மட்டும் எங்களப் புடிச்சிட்டு எண்டு."

"என்னாலதானே உங்கட வாப்பாவுக்கு அந்த ஒழுங்கை யாவாரம் போனது."

"ஒரு ஒழுங்கதானே போன. கொட்டாஞ்சேன பூரா ஈந்திச்சே," என்று ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார். "இரிங்க."

"அதை வெட்டச் சொன்னது ஆர்?"

இப்போது சந்தேகப்படுவது அவருடைய முறை. "ஏன், உங்களுக்குத் தெரியாதா? உங்கட வாப்பாதானே."

வெள்ளிக்கிழமைகளில் கந்தோர் விட்டு நடந்து வருவாராம். பின்னறையில் இரண்டு டெக்குகள். ஒன்றில் படம் ஓடும், மற்றது பதியும். அப்பா உட்காரமாட்டார். குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். 'இந்த இடத்தில நிப்பாட்டுங்கோ' என்பார். காட்சி முழுவதும் ஓடி முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, 'இனி விடுங்கோ' என்பார். பிறகு கசெட்டில் நானா பச்சை மையால் 'வெ' என்று எழுதுவார்.

"நான் பிளேன் டீ கொண்டுபோவன். ஒரு நாள் போன நேரம் சேர் செவரப் பாத்துக்கிட்டு நிண்ட. வாப்பா டீவிய ஓஃப் பண்ணிட்டு என்ன வெளிய போகச் சென்ன. பொறகுதான் வாப்பா உம்மாக்கிட்ட செல்லக் கேட்ட. ஏஜென்ட் சென்னதாம், மகனோட போன கூட்டத்துல ரெண்டு பேர் ஆத்தத் தாண்டக்குள்ள மௌத்தாப் போயிட்டாங்க எண்டு. எந்த ரெண்டு பேரெண்டு தெரியாதாம். சேர் அத ஊட்டுல செல்லலயாம்."

நான் லேசில் நம்புகிறவள் அல்ல. நாற்பது வருடத்துக்கு முந்திய கதையை யாரும் எப்படியும் சொல்லலாம்.

"அவர் கொண்டுவந்த குடை எப்பிடி இருந்தது?"

"கறுப்புக் குட."

"எல்லாற்றையும் கறுப்புத்தான்."

அவர் யோசித்தார். "புடியில செவப்பு நூல் சுத்தி ஈந்திச்சி. நான் அதப் பாத்துக்கிட்டே நிப்பன்."

நானா ஏன் அன்று கேற்றடியில் உண்மையைச் சொல்லவில்லை என்று அவரே சொன்னார்: "எப்பிடிச் செல்லுற? உங்கட உம்மா வாசல்ல நிண்டாங்களாமே."

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலிருந்தே அண்ணாவுக்கு அழைப்பு எடுத்தேன். அண்ணா, நீங்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். நான் கேட்டதை மற்றவர்களும் அறியட்டும். எத்தனை பேர் புறப்பட்டீர்கள், எத்தனை பேர் போய்ச்சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "ஆறு பேர் வெளிக்கிட்டது. நாலு பேர்," என்றீர்கள். பிறகு, "உனக்கு ஆர் சொன்னது? நான் வீட்டுக்கு எழுதேல்லையே," என்றீர்கள்.

ஆகவே அந்த மாதங்களில் தன் மகன் நால்வரில் ஒருவனா, இருவரில் ஒருவனா என்று தெரியாமல் இருந்தவர் அப்பா ஒருவர்தான். அதோடு கந்தோருக்குப் போனார். வெள்ளிக்கிழமைகளில் அந்த மரணத்தை நின்று பார்த்தார். சனிக்கிழமைகளில், அது இருந்த இடம் வரும் நேரத்தில், எங்காவது ஒரு துண்டு மிஞ்சியிருந்து அம்மாவின் கண்ணில் பட்டுவிடுமோ என்று வந்து திரையை மறைத்தார். நான் அவரை இடையூறு என்று எழுதினேன். பிறகு அந்தக் கொப்பியை ஒழுங்கை பார்க்க அவர் கையில் கொடுத்து, தனக்கு உதவி செய்த மனிதரைத் தானே துரத்தும்படி செய்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 'கட்டிங் நானா' என்ற பெயரை இனி இந்தக் குழுவில் யாரும் எழுத வேண்டாம்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஞாயிறு காலை முழுவதும் யோசித்தேன். சொன்னால், நாற்பது வருடம் அவர் கொண்டிருந்த ஒரு தீர்ப்பை எண்பத்து நான்கு வயதில் பறிப்பதாகும். சொல்லாவிட்டால் அடுத்த திவசத்திலும் அந்த வசனம் வரும். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்பது வரிகளையும் விரலால் தொட்டு வாசித்தார். நம்பினாரா தெரியவில்லை. சந்தேகம் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

"அப்ப அந்தத் தம்பி ஜெர்மனிக்குப் போகேல்லையோ?"

"இல்லை அம்மா."

"போடு பாப்பம்."

டெப்லெட்டை வயரால் டீவியில் பூட்டி, அந்த இடத்திலிருந்து போட்டேன். தம்பி வாசற்படியில் கால் வைத்தான். பதினொரு நிமிடமும் அம்மா கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சுடலைக் காட்சி முடிந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இதை அவர் தனியவோ பாத்தவர்?"

"நானாவும் நிண்டவர்."

"இருந்து பாத்தவரோ?"

"இல்லை. நிண்டபடி."

"ஒன்பது படமும்?"

"ஒன்பதும்."

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறைக்காதேங்கோ, மறைக்காதேங்கோ எண்டு கலைச்சனான்," என்றார்.

எழும்பிப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்தேன். திரும்பி வந்து, திரைக்கு முதுகைக் காட்டி, அம்மாவைப் பார்த்தபடி நின்று குடித்தேன். குடித்து முடிக்க இரண்டு நிமிடம் எடுத்தது. அம்மா விலகச் சொல்லவில்லை.